துய்மா வீதியில் எது பழையது?

புதுச்சேரி துய்மா வீதியில் உங்களை அழைத்துப்போன வழிகாட்டி, அங்குள்ள மாளிகைகளும் தேவாலயமும் 300 ஆண்டுப் பழமையானவை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆண்ட காலத்தில் கட்டப்பட்டவை என்று சொல்லியிருக்கிறார். அதே வீதியில் புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர்களையும் பார்த்ததால் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது கட்டடங்களின் வயதைப் பற்றிய கேள்வி. எனக்கு அதற்கடியில் இன்னொரு கேள்வி தெரிகிறது: எந்தப் பலகையையும், யார் சொல்லையும் நம்பியிராமல், ஒரு சுவரைப் பார்த்தே அதன் காலத்தை நாமே ஓரளவு கணிக்க முடியுமா? முடியும். நான் கட்டடக்கலை படித்து, சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையிலேயே பல ஆண்டுகளாக இருப்பவன். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஆராயும் வரலாற்றாசிரியன் அல்ல. ஆகவே ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது பொதுவாக ஏற்கப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன். சுவர், தளம், காரை ஆகியவற்றைப் பற்றி எழுதுவது என் கைப்பழக்கத்தில் வந்தது.

முதலில் உறுதியானது. துய்ப்ளே ஆளுநராக இருந்த காலம் 1742 முதல் 1754 வரை. அவர் போய்ச் சில ஆண்டுகளில், 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி சரணடைந்த பிறகு கோட்டையும் மதில்களும் ஐரோப்பியர் பகுதியின் கட்டடங்களும் திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டன. 1758இல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததற்கான பழிவாங்கல் இது. பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765இல் நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்ப வந்தபோது அவர்கள் கையில் கிடைத்தது பெரும்பாலும் இடிபாடுதான். ழான் லா ஆளுநராக இருந்து, பூர்சே என்ற பொறியாளரைக் கொண்டு நகரை மறுபடியும் எழுப்பினார். எனவே நகரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள பகுதியில் 1765க்கு முந்திய ஒரு மாளிகை முழுதாக நிற்கிறது என்று யாராவது சொன்னால், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. துய்மா வீதியின் பெரும்பாலான வீடுகளை 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலோ 19ஆம் நூற்றாண்டிலோ வைப்பதுதான் நியாயம். அதன் பிறகும் 1778இலும் 1793இலும் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1816இல்தான் நிரந்தரமாகத் திரும்பியது. பெரிய செலவில் நிம்மதியாக வீடு கட்டும் சூழல் அதன் பின்னரே வந்தது என்று கொள்ளலாம்.

ஆனால் உங்கள் வழிகாட்டி முழுக்கத் தவறாகப் பேசவில்லை. வீடுகளுக்கு 300 வயது இல்லை என்றாலும் இந்த நகரத்தின் வீதியமைப்புக்கு அந்த வயது உண்டு. 1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர்களிடம் இருந்தது. அந்தச் சில ஆண்டுகளில் அவர்கள் வரைந்த நகர வரைபடத்தில் ஒன்றையொன்று நேராக வெட்டும் வீதிகள் இருக்கின்றன. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டு வளர்த்தார்கள். 1761இல் சுவர்கள் விழுந்தாலும் வீதிக்கோடுகள் அழியவில்லை. புதிய சுவர்கள் அதே ஒழுங்குக்குள்தான் எழுந்தன. நகரைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் புல்வார் சாலைகள் பழைய மதில் இருந்த தடத்தையே பின்பற்றுகின்றன. வீதிக்குப் பெயர் தந்த பெனுவா துய்மா, துய்ப்ளேவுக்கு முன்பு 1735 முதல் 1741 வரை ஆளுநராக இருந்தவர். வீதி, வீடு, பூச்சு, வண்ணம் என்று வயது படிப்படியாகக் குறைந்துகொண்டே வரும். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த வரிசையில் மிக இளையதான வண்ணத்தைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் பிரெஞ்சுப் பாரம்பரியம் என்று சொல்லிச் சொல்லி, இப்போது புதிதாகக் கட்டுகிறவர்களும் மஞ்சளையே அடிக்கிறார்கள். சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து அடிப்பது பழைய வழக்கம் என்பதில் ஐயமில்லை. அதற்காக ஒரு வீதி முழுவதும் ஒரே மஞ்சளில் இருந்தது என்று முடிவு கட்டிவிட முடியாது. பழைய சுவரில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மெதுவாகச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலச் சாயல், சாம்பல் எனப் பல அடுக்குகள் வரும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் விருப்பப்படி வெள்ளையடித்து வந்ததற்கு அந்த அடுக்குகளே சாட்சி. அதே பகுதியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையுமாக நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். அது ஆசிரமத்தின் தேர்வு. வண்ணத்தை வைத்துக் கட்டடத்தின் வயதைச் சொல்ல முயலவே வேண்டாம்.

பார்க்க வேண்டிய இடம் மேலே இருக்கிறது. உள்ளே போக அனுமதி கிடைத்தால் முதலில் கூரையை அண்ணாந்து பாருங்கள். பழைய வீடு என்றால் தேக்குக் கட்டைகள் நெருக்கமாக வரிசையாகப் போயிருக்கும். அவற்றின் இடைவெளியில் மெல்லிய செங்கற்கள் செங்குத்தாக, மூலைவாட்டத்தில் அடுக்கப்பட்டிருக்கும். இதைத்தான் மெட்ராஸ் டெரஸ் என்கிறோம். செங்கல் அடுக்கின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டைகளால் தட்டி இறுக்குவார்கள். அதற்கு மேல் தட்டையான ஓடு பதித்துப் பூசுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கட்டைக்குப் பதிலாக இரும்பு உத்திரம் வரத் தொடங்கியது. எனவே அண்ணாந்து பார்க்கும்போது இரும்பு தெரிந்தால் அந்தத் தளமாவது பிற்காலத்தது. தளம் மட்டும் மாற்றப்பட்டு, சுவர் பழையதாகவே இருப்பதும் உண்டு. தட்டையான சிமென்ட் தளம் மட்டுமே தெரிந்தால், முகப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கூரை நம் காலத்தது.

உள்ளே போக முடியாவிட்டால் ஜன்னலைப் பாருங்கள். பழைய சுவர் தடிமனானது. ஜன்னல் கதவு வெளிவிளிம்பில் இருந்தால் உட்புறம் ஒரு முழத்துக்குக் குறையாமல் ஆழம் தெரியும். சாய்வான மரச்சட்டங்கள் வைத்த கதவுகள், காற்றை விட்டு வெயிலைத் தடுக்கச் செய்யப்பட்டவை. புதிதாகப் பழமை வேடம் பூண்ட கட்டடத்தில் அதே கதவு இருக்கும், ஆனால் ஒற்றைச் செங்கல் சுவரில் படம் மாட்டியதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். வளைவுகளிலும் இதே கதைதான். எடை தாங்கும் வளைவு சுவரின் முழு ஆழத்துக்கும் போகும். ஒட்டவைத்த வளைவு பூச்சின் கனத்தோடு நின்றுவிடும். சுவரில் விரல் மூட்டால் தட்டிப் பார்த்துச் சொல்வது கொத்தனார்களின் வழக்கம். அதற்கு நீண்ட பழக்கம் வேண்டும் என்பதால் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

இந்த வீதியை வீடுகளின் வரிசையாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பிரெஞ்சு மாளிகைகள் வீதிக்கு முகம் காட்டுவதில் சிக்கனமானவை. உயர்ந்த மதில், நடுவில் அலங்காரமான பெரிய வாயில், உள்ளே தோட்டமோ முற்றமோ, அதன் பிறகே தூண்கள் நிற்கும் முன்தாழ்வாரமும் வீடும். வீதி வடக்குத் தெற்காக ஓடுவதால் காலையிலும் மாலையிலும் மதில்களே நடைபாதைக்கு நிழல் தருகின்றன. ஒரு மதிலை இடித்து, தோட்டத்தை வண்டி நிறுத்தமாக்கினால், உள்ளிருக்கும் மாளிகைக்கு ஒரு கீறலும் விழாமலேயே வீதி சிதைந்துவிடும். இப்படிப் போனவற்றைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. ஏனென்றால் பட்டியலில் அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்டதாகவே இருக்கும்.

இனி தேவாலயம். துய்மா வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் தூய தேவதூதர்களின் அன்னை ஆலயத்தை ஊர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள். கப்புச்சின் துறவிகள் இருந்த இடம் என்பதால் வந்த பெயர் அது. பின்புறமுள்ள ரோமன் ரோலண்ட் வீதியும் முன்பு கப்புச்சின் பெயரில்தான் இருந்தது. அந்த இடத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கோயில் இருந்தது உண்மை. இப்போது நிற்கும் கட்டடம் 1855இல் முடிந்தது. வடிவமைத்தவர் லூயி கேர் என்ற பொறியாளர். பாரதி பூங்காவின் நடுவில் உள்ள ஆயி மண்டபமும் அவர் கைவண்ணமே. இரண்டும் மூன்றாம் நெப்போலியன் காலத்தவை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், கிரேக்க ரோமானிய வடிவங்களை இந்த மனிதர் எவ்வளவு அடக்கமாகக் கையாண்டார் என்பது புரியும். ஆலயத்தின் உட்சுவர் பளபளப்புக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பே காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிக் கலந்து பூசும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு, செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அதன் வழவழப்பைத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் வழவழப்பு மட்டுமே முட்டைக்குச் சான்றாகாது. நன்றாகப் புளித்த கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கூழாங்கல்லால் பொறுமையாகத் தேய்த்தாலே கண்ணாடிபோல வரும். மூன்றாம் நெப்போலியன் பரிசளித்த ஓவியம் உள்ளே இருக்கிறது என்பதையும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி என்ற அளவில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மிஷன் வீதியில் உள்ள அமலோற்பவ அன்னை பேராலயம், அதாவது சம்பா கோயில், இதைவிடப் பழையது, இதைவிடச் சிக்கலான வரலாறு உடையது. இயேசு சபையினர் 1692இல் முதல் கோயிலைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர் வருகையில் அது போயிற்று. மறுபடி கட்டியது நிலைக்கவில்லை. 1728இல் தொடங்கிய மூன்றாவது கோயில் 1761 அழிவில் இடிந்தது. இன்று இரட்டைக் கோபுரத்தோடு நாம் பார்ப்பது 1791இல் நிறைவு பெற்றது. ஆக, 300 ஆண்டு என்பது வழிபாட்டின் தொடர்ச்சிக்குப் பொருந்தும், செங்கலுக்குப் பொருந்தாது. இந்த ஆலயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்றும் உண்டு. இதன் அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் துய்ப்ளே காலத்தில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த நாளையும் ஊர் மக்களின் மனநிலையையும் எழுதி வைத்திருக்கிறார். அதனால் இது வாய்மொழிச் செய்தி அல்ல, நேரில் இருந்தவரின் பதிவு. இன்றைய வேதபுரீசுவரர் கோயில் வேறிடத்தில் எழுந்தது.

ரயில் நிலையத்துக்கு அருகே தெற்கு புல்வாரில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவையும் பலர் இந்தப் பழமைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் கொண்ட அந்தக் கோதிக் பாணிக் கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. பசிலிக்கா என்ற தகுதி 2011இல் கிடைத்தது. கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்களோ இவை எல்லாவற்றையும்விடப் பழையவை. அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பிரெஞ்சு நகரத்தின் முகப்பில் நிற்கும் மிகப் பழைய சிற்ப வேலை நம் சிற்பிகளுடையது என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

உங்களுக்கு உண்மையான 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி மாளிகையைப் பார்க்க வேண்டுமானால் செஞ்சி சாலையையும் ஆம்பூர் சாலையையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வர வேண்டும். ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி, ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. 1738 என்பது அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. 1761 அழிவைத் தாண்டி நிற்கும் மிகச் சில கட்டடங்களில் அது ஒன்று. நகரம் வீழ்ந்த அதே ஜனவரி மாதத்தில்தான் பிள்ளையும் இறந்தார். வீட்டின் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள் முற்றத்தைச் சுற்றி நிற்கும். மாடியில் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள், ஐரோப்பிய ஒழுங்கில். ஒரு துபாஷியின் வாழ்க்கை அப்படியே கட்டடமாகியிருக்கிறது என்று நான் எப்போதும் நினைப்பேன். கீழே திண்ணையும் மரத்தூணும், மேலே வளைவும் அரைத்தூணும் என்ற இந்தக் கலப்பு பிற்காலத்தில் தமிழர் பகுதியின் வழக்கமாகவே ஆனது. அதற்கு அந்தஸ்துதான் காரணமா, மாடியில் விருந்தினரை வரவேற்கும் பழக்கம் காரணமா என்பதில் இரு கருத்துகள் உண்டு. இரண்டும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம், அதற்கு மேல் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து வைசியாள் வீதிக்கு நடந்துபோகலாம். பிரெஞ்சு வீடு வீதியிடமிருந்து ஒதுங்கி நிற்கும் என்றேனே, தமிழர் வீடு அதற்கு நேர்மாறு. சரிந்த ஓட்டுக்கூரை தாங்கிய தாழ்வாரம் வீதி வரை வந்து, வழிப்போக்கனுக்கும் நிழல் தரும். திண்ணை யார் வேண்டுமானாலும் உட்காரும் இடம். இது ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் பயனில்லை, அடுத்தடுத்த வீடுகளில் தொடர்ந்தால்தான் வீதிக்கு நிழல். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பும் உள்ளூர் அரசும் சேர்ந்து 2002க்குப் பின் இந்த வீதியின் முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. வீடு வீடாகப் பார்க்காமல் வீதியாகப் பார்த்ததுதான் அந்த வேலையின் அறிவு. ஆனால் நகரத்தின் மற்றத் தமிழ் வீதிகளில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாகப் பிரிவினை, வாடகைச் சிக்கல், மனையின் விலை என்று காரணங்கள் அடுக்கி வந்து, திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகின்றன. கடல் பக்கத்து மாளிகை ஓட்டலாக மாறியாவது பிழைத்துக்கொள்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீடு கைவிடப்பட்டால் இடிபட்டுத்தான் போகும். என்னைக் கேட்டால், நகரத்தின் அவசரமான கவலை துய்மா வீதி இல்லை, இந்த மேற்குப் பக்கம்தான்.

நீங்கள் பார்த்த சிமென்ட் பூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் உங்களைச் சந்தேகிக்க வைத்தது. பழைய சுவரில் சிமென்ட் பூசியிருப்பதால் அந்தக் கட்டடம் போலி என்று ஆகாது. நல்ல பழைய சுவரைத் தவறான மருந்தால் மூடியிருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். கடற்கரையில் நிலத்தடி ஈரம் உப்போடு சேர்ந்து சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் உள்ளது, ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேற்பூச்சில் பொரிந்து உதிரும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறுகிறது, உப்பு செங்கல்லுக்குள் படிந்து அதைப் பொடியாக்குகிறது, மரக்கட்டையின் சுவருக்குள் இருக்கும் முனை மக்கிப்போகிறது. வெளியே சுவர் புதுசாகத் தெரியும்போதே உள்ளே வலுவிழக்கும். கடற்கரைச் சாலையில் 1870ஐ ஒட்டிக் கட்டப்பட்ட மேரி, அதாவது நகர்மன்றக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நீண்ட காலம் பராமரிப்பின்றிக் கிடந்த சுண்ணாம்புக் கட்டடத்தில் நீர் புகுந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அது எல்லோருக்கும் காட்டியது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் எழுப்பி 2021இல் திறந்தார்கள். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். உங்கள் குழந்தைகளுக்குக் காட்டும்போது அது மறுகட்டுமானம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது காலையில் கப்ஸ் கோயிலில் தொடங்குங்கள். கிழக்கு வெயில் முகப்பில் விழும்போது பூச்சு வேலையின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். துய்மா வீதியின் நடுவே, பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் வளாகத்தை வெளியிலிருந்து பாருங்கள். பழைய மாளிகையை அதன் அமைப்பைக் குலைக்காமல் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அது. ஆராய்ச்சி நடக்கும் இடம் என்பதால் கேட்டுக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். வெயில் ஏறியதும் வாய்க்காலைத் தாண்டி மிஷன் வீதி, ரங்கப்பிள்ளை வீதி, வைசியாள் வீதி என்று போய்விடுங்கள், அந்தப் பக்கம் தாழ்வார நிழல் இருக்கும். தனியார் வீடுகளில் திண்ணை வரைக்கும் தயங்காமல் போகலாம். அதற்கு மேல் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். பெரியவர்கள் யாராவது இருந்தால், இந்த வீட்டில் கடைசியாக எப்போது தளம் தட்டினார்கள் என்று கேளுங்கள். கட்டியவர் பெயரும் ஆண்டும் மறந்துபோனவர்களுக்குக்கூட அது நன்றாக நினைவிருக்கும்.